யாழ்ப்பாணத்து அச்சுக்கூடங்களும் வன்னி நாட்டு ஏடுகளும்

ஒரு நாட்டின் இலக்கிய வரலாற்றை எழுதுவோர் புலவர் பெயரையும் நூற்பெயரையும் நிரல்படக் கூறி அமைவது பெருவழக்கு. அந்நூல்கள் யாருடைய பொருளால் அச்சேறின, எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றன, எத்துணை வீடுகளிற் சென்று தங்கின என்னும் வினாக்கள் அங்கே எழுவது அரிது. ஆயினும், நூலொன்று வாழ்வதும் மாய்வதும் பெரும்பாலும் இவ்வினாக்களின் விடையையே பொறுத்துள்ளன.

இவ்வுண்மையை வன்னி நாட்டார் பிறரினும் நன்கு உணரத்தக்கவர். வன்னி பாட்டுக்கு வறுமையுற்ற நாடன்று. முள்ளியவளையில் வளர்ந்த கோவலன் கூத்து 'முல்லைமோடி' எனத் தனிப்பெயர் பெற்றது. வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலிற் பொங்கல் நிகழும். கண்ணகை வரலாறு பாட்டாக ஓதப்படும் மரபும் இந்நாட்டிற்கு உரியது. வயலில் அருவி வெட்டுவோர்க்குச் சிந்து உண்டு. பயிரை அழிக்கும் பன்றியையும் குருவியையும் பொருளாகக் கொண்ட பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் உண்டு. வன்னியர் குடியேறிய வரலாற்றைக் கூறும் வையாபாடல் ஏட்டில் வாழ்ந்தது. இத்துணைச் செல்வம் இருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டைப் பற்றி விரிவாக எழுந்த அச்சுநூல் தமிழில் ஆனதன்று. அரசாங்க உத்தியோகத்தரான ஜே. பி. லூயிஸ் ஆங்கிலத்தில் எழுதிக் கொழும்பில் 1895ஆம் ஆண்டு வெளிவந்த வன்னி மாவட்டக் கைந்நூலே அது. பாட்டு வன்னியில் இருந்தது. அச்சுக்கூடம் வன்னியில் இருக்கவில்லை.

அச்சுக்கூடம் இருந்த அயல்நகர் யாழ்ப்பாணம். அந்நகரில் அரசையோ பெருஞ்செல்வரையோ முழுதும் சாராத பதிப்பு முயற்சி எவ்வாறு தோன்றியது, எதனால் நிலைத்தது, எங்கே தளர்ந்தது என்பவற்றை ஆராய்தல் வன்னி மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்தரும்.

அனுமதியும் அச்சும்

யாழ்ப்பாணத்து அச்சு வரலாறு ஒரு மறுப்பிலிருந்தே தொடங்குகின்றது. அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். அவர்களுக்கு உதவியாக ஜேம்ஸ் கரெற் என்னும் அச்சாளர் 1820ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தார். அப்போது தேசாதிபதியின் பொறுப்பை வகித்த பார்ன்ஸ் அவர் இங்கே தங்குதற்கு இடங்கொடுத்திலர். அச்சாளர் பம்பாய்க்குச் சென்றார். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1834ஆம் ஆண்டில், மானிப்பாயில் அம்மிஷனின் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது. யந்திரமும் எழுத்தும் மட்டும் இருந்தாற் போதாது, ஆள்வோர் இசைவும் வேண்டும் என்பதை முதல் முயற்சியே காட்டிற்று.

மானிப்பாயிலிருந்து 1841ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் 'உதயதாரகை' வெளிவந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைந்த இப்பத்திரிகைக்கு ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் தமிழர் இருவர் ஆசிரியராயிருந்தனர். மறு ஆண்டில் மானிப்பாய் அகராதி எனப்படும் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. சமய நோக்கம் பற்றியே இவ்வச்சுக்கூடம் எழுந்ததாயினும், அச்சுக்கோத்தல், ஒப்புநோக்கல், தாள் மடித்தல், நூல் கட்டல் என்னுந் தொழில்களை இந்நாட்டார் கற்றதும், பத்திரிகையை எதிர்நோக்கிக் காத்திருக்கும் பழக்கம் மக்களிடையே தோன்றியதும் இதனாலேயாம். ஒருவர் கொணர்ந்த கருவியை மற்றொருவர் தம் நோக்கத்திற்குக் கைக்கொள்ளுதல் வரலாற்றிற் பலகாலும் நிகழ்வது. யாழ்ப்பாணத்தில் அது விரைவில் நிகழ்ந்தது.

வண்ணார்பண்ணையில் எழுந்த யந்திரசாலை

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை 1848ஆம் ஆண்டில் நிறுவினார். பாடசாலை எழுந்தவுடன் பாடநூல் வேண்டியதாயிற்று. அச்சியந்திரம் வாங்கும் பொருட்டு 1849ஆம் ஆண்டில் அவர் சென்னைக்குச் சென்றார். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு 'நாவலர்' என்னும் பட்டம் அளித்தனர். சென்னையிற் சில நூல்களைப் பதிப்பித்து, யந்திரத்துடன் மீண்டு, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார்.

ஈண்டு நோக்கத்தக்கது நூலாசிரியரும் பதிப்பாசிரியரும் அச்சுக்கூட உரிமையாளரும் ஒருவராகவே இருந்தமையாகும். எதை அச்சிடுவது, எவ்வளவு திருத்தமாக அச்சிடுவது, என்ன விலைக்கு விற்பது என்பவற்றை அவரே துணிந்தார். பாலபாடங்கள், பெரியபுராண வசனம், நன்னூல் விருத்தியுரை, திருக்குறட் பரிமேலழகருரை என்றாங்கு சிறுவர்க்குரியனவும் புலவர்க்குரியனவும் அவர் கைவழி வெளிவந்தன. பிழையற்ற பதிப்பு என்னும் புகழே அவர் நூல்களுக்கு விளம்பரமாயிற்று.

எனினும், செல்வர் துணையை அவர் முற்றும் ஒதுக்கினார் என்று கொள்ளுதல் பொருந்தாது. திருக்குறள், திருக்கோவையார் முதலிய பெருநூற் பதிப்புக்களுக்கு இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவர் பொருளுதவி புரிந்தார். ஒரு பெருநூலை ஒரு செல்வர் தாங்குவார். பாலபாடத்தையோ ஆயிரம் பெற்றோர் சிறு காசு கொடுத்துத் தாங்குவர். வள்ளல் மறைந்தால் அவர் ஆதரவும் மறையும். பாடசாலையோ ஆண்டுதோறும் புதிய வாசகரைத் தந்துகொண்டே இருக்கும். நாவலரின் பதிப்பு முயற்சி நிலைபெற்றதற்குப் பள்ளியையும் அச்சுக்கூடத்தையும் அவர் இணைத்தமையே முதற்காரணம் எனலாம்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டும். சென்னைச் சர்வகலாசாலையில் 1857ஆம் ஆண்டில் முதன்முதல் பட்டம் பெற்ற இருவருள் அவர் ஒருவர். அவர் தமிழகத்திலிருந்து வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, சூளாமணி முதலியவற்றை அச்சேற்றினார். கட்டவிழ்க்கும்போதே ஏடு ஒடிவதையும், தேடிச் சென்ற இடங்களிற் சுவடி அழிந்துபோயிருந்ததையும் அவர் தம் பதிப்புரைகளில் வருந்திக் குறித்துள்ளார். பாடசாலை மாணாக்கர் வாங்கும் நூல்களல்ல அவை. வாங்குவோர் சிலர், செலவோ பெரிது. அவருடைய தொண்டின் அருமையை உணரவேண்டுமாயின் இக்கணக்கையும் உடன்வைத்து நோக்க வேண்டும்.

பத்திரிகையும் சந்தாதாரரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சமயச் சங்கங்கள் தத்தமக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டன. கத்தோலிக்கரின் 'பாதுகாவலன்' 1876ஆம் ஆண்டிலும், சைவபரிபாலன சபையாரின் 'இந்துசாதனம்' 1889ஆம் ஆண்டிலும் தோன்றின. சந்தா என்னும் முறை இவற்றால் ஊர்தோறும் பரவியது. வடபாகப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டில் நிறைவெய்தியபின், வவுனியாவும் கிளிநொச்சியும் யாழ்ப்பாணத்திற்கு அணித்தாயின. வன்னியார் அச்சுநூலின் வாசகராதற்கு இது வழிவகுத்தது. எனினும், அவர்கள் பதிப்பாளராதற்கு இன்னும் நெடுங்காலஞ் செல்லவேண்டியிருந்தது.

சமயச் சங்கம் எதனையுஞ் சாராது தனியொருவர் முயற்சியால் இலக்கியத்திற்கென எழுந்த பெருநிலையம் சுன்னாகத்தது. குரும்பசிட்டி நா. பொன்னையா 1930ஆம் ஆண்டில் 'ஈழகேசரி' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். சோ. சிவபாதசுந்தரம், இராஜ அரியரத்தினம் போன்றோர் அதன் ஆசிரியர் குழாத்தில் விளங்கினர். அதே உரிமையாளரின் திருமகள் அழுத்தகத்தில், சி. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புக்களோடு தொல்காப்பியம் அச்சாகியது. வாரந்தோறும் புதுச் சிறுகதையும், அதே கூடத்தில் பழம்பெரும் இலக்கணமும் அச்சான நிலை எண்ணி மகிழத்தக்கது. பத்திரிகையும் பாடநூலும் ஈட்டிய பொருள் அரிய நூலைத் தாங்கிற்று. அரிய நூல் ஈட்டிய மதிப்புப் பத்திரிகைக்குப் பெருமை தந்தது. பொன்னையா 1951ஆம் ஆண்டில் மறைந்தார். ஈழகேசரியும் 1958ஆம் ஆண்டில் நின்றது. தனியொருவர் தோளில் நின்ற நிலையத்திற்கு அத்தோள் நீங்கியபின் நேர்ந்த தளர்ச்சி இது.

எழுதியவரே அச்சிட்டமை

ஈழகேசரியில் எழுதிப் பழகிய இளைஞர் சிலர் 1943ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கத்தை அமைத்தனர். தி. ச. வரதராசன், அ. செ. முருகானந்தன், ச. பஞ்சாட்சரசர்மா, நாவற்குழியூர் நடராசன் முதலியோர் அக்குழாத்தினர். அவர்களின் 'மறுமலர்ச்சி' இதழ் 1946 முதல் 1948 வரை வெளிவந்தது. இரண்டாண்டு வாழ்ந்த ஓர் இதழின் பெயரால் ஓர் இலக்கியக் காலமே வழங்கப்பெறுமாயின், இதழின் ஆயுளை மாதங்களால் மட்டும் அளத்தல் தகாது.

இக்குழாத்துள் வரதர் என அறியப்பட்ட வரதராசன் ஒரு படி மேற்சென்று, ஆனந்தா அச்சகத்தின் உரிமையாளரானார். மஹாகவியின் முதற் கவிதைத் தொகுதியான 'வள்ளி' 1955ஆம் ஆண்டில் வரதர் வெளியீடாக வந்தது. கவிதைக்கென்றே அமைந்த 'தேன்மொழி' இதழும் அக்காலத்தே அவர் முயற்சியால் எழுந்தது. எழுத்தாளன் அச்சகத்தை உடைமையாகக் கொண்டாற் பெறும் நன்மை யாதெனின், இலாபம் பற்றி மற்றோர் அச்சகத்தார் ஒதுக்கும் நூலைத் தன் ஓய்வு வேளையில் அச்சிடும் உரிமையாகும்.

அக்கால அச்சுத்தொழிலின் இயல்பை அறியாதார்க்கு இவ்வுரிமையின் பெறுமதி விளங்காது. தமிழெழுத்து 247 ஆதலின், அச்சுக்கோப்பார் முன் இருக்கும் எழுத்தறைகள் ஆங்கிலத்திற்கு உள்ளவற்றினும் மிகப்பல. சிறிய அச்சகத்தில் ஈய எழுத்துக்கள் சில பக்கங்களுக்கே போதும். எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ கோத்து, படி திருத்தி, அடித்து முடித்தபின், அவ்வெழுத்துக்களை மீண்டும் அறைகளிற் பிரித்திட்டு அடுத்த பக்கங்களைக் கோத்தல் வேண்டும். இடையே கலியாண அழைப்பிதழும் கோயில் விஞ்ஞாபனமும் கடைத் துண்டுப்பிரசுரமும் வந்து குறுக்கிடும். அவையே அச்சகத்தாரின் அன்றாட வருவாய். நூல் பொறுத்திருக்க வேண்டியதே. கலியாண அழைப்பிதழ் தேடித்தந்த கூலியிலிருந்தே ஈழத்துக் கவிதை நூல்கள் பல பிறந்தன என்றால் அது மிகைக்கூற்றன்று.

ஆசிரியத் தொழிலில் இருந்தோரும் இப்பணியிற் பின்னிற்கவில்லை. 'சிற்பி' என்னும் புனைபெயருடைய சி. சரவணபவன் 1958 முதல் 1966 வரை 'கலைச்செல்வி' இதழை நடத்தினார். நாளேடாக வளர்ந்த 'ஈழநாடு' 1959ஆம் ஆண்டில் யாழ்நகரில் தொடங்கியது. தலைநகரிலன்றி மாகாண நகரொன்றிலிருந்து தமிழ் நாளேடு வெளிவந்தமை புதுமையாயிற்று. வடபகுதிக் கிராமங்களின் செய்தியும் எழுத்தும் அதில் இடம்பெற்றன.

தெருவிலே விற்ற இதழ்

இவ்வரலாற்றிற் சமுதாய எல்லையையே மாற்றியமைத்தவர் டொமினிக் ஜீவா. சாதிப் பாகுபாட்டால் ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்து, பள்ளிப்படிப்பை இடைநிறுத்தி, சிகை அலங்காரத் தொழில் செய்தவர் அவர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'மல்லிகை' இதழை அவர் தொடங்கினார். சிகை திருத்தும் நிலையமே தொடக்கத்தில் இதழின் பணிமனையாயிற்று. இதழ்களைக் கையிலேந்தித் தெருத்தெருவாகச் சென்று அவரே விற்றார். நாவலர் காலத்திற் பாடசாலை வாசகரைத் தேடித் தந்தது. மல்லிகைக்கோ ஆசிரியரே வாசகரைத் தேடி நடந்தார். நாற்பதாண்டுக்கு மேல் அவ்விதழ் வாழ்ந்ததற்கு அந்நடையே அடிப்படை.

தென்னிந்திய வார மாத இதழ்கள் பெருந்தொகையாக வந்து குவிந்தமையே ஈழத்து இதழ்களின் தீராத இடர்ப்பாடாக இருந்தது. பல்லாயிரம் படிகள் அச்சாகும் இதழின் விலையோடு, சில நூறு படிகளே விற்கும் இதழ் போட்டியிட இயலாது. 1970களின் தொடக்கத்தில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதனால் உண்டான இடைவெளியில் ஈழத்து நாவல்களுக்குச் சந்தை பிறந்தது. கொழும்பில் வீரகேசரி நிறுவனம் நாவல்களை வரிசையாக வெளியிட்டது. தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' அவ்வரிசையில் 1973ஆம் ஆண்டில் வெளிவந்தது. தண்ணிமுறிப்புக் காட்டையும் குளத்தையும் அங்கு வாழும் எளிய மக்களையும் களனாகக் கொண்ட அந்நாவல் சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. வன்னியின் வாழ்வு தமிழுலகிற்கு அறிமுகமான நற்பொழுது அது. எனினும், அந்நூலுக்கும் அச்சுக்கூடம் கொழும்பிலேயே அமைந்தது.

தீயும் பெயர்வும்

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஈழநாடு பணிமனையும் அவ்வழிவிற்கு உள்ளாயிற்று. நகரின் புத்தகசாலைகளும் தப்பவில்லை. வேறெங்கும் படியில்லாத சுவடி எரிந்தால் அது முற்றும் மறைந்ததே. ஊர்தோறும் பத்து வீடுகளில் வாங்கி வைக்கப்பட்ட நூலோ நூலகம் எரிந்தபின்னும் எஞ்சும். தெருத்தெருவாக விற்ற இதழாசிரியர் தம் பிழைப்பை மட்டும் கருதி நடந்தாரல்லர் என்பது இந்நிகழ்ச்சியின் பின் தெளிவாகும்.

1995ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகப் பெயர்ந்தனர். அவருள் எண்ணிறந்தோர் வன்னியை அடைந்தனர். எழுத்தாளரும் அச்சுத்தொழிலாளரும் அவருடன் வந்தனர். 'ஈழநாதம்' நாளேடும் 'வெளிச்சம்' இதழும் வன்னியிலிருந்து வெளிவரலாயின. இவை விடுதலைப் புலிகள் இயக்கத்தின் சார்பில் நடந்தவை. ஆதலின் தனிப் பதிப்பு முயற்சி என்னும் பெயர் இவற்றிற்குப் பொருந்தாது. ஆயினும், வன்னி மண்ணிலிருந்து இளைஞர் பலர் கவிதையும் கதையும் எழுதி அச்சிற் கண்ட காலம் அதுவே என்பதையும் வரலாறு மறைத்தல் கூடாது. ஒரே ஆதரவில் நின்றமையால், அவ்வாதரவு 2009ஆம் ஆண்டுப் போரில் அழிந்தபோது அவையும் அழிந்தன. கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை பெயர்ந்த மக்கள் உயிரைக் காத்தலே அரிதாயிருக்க, நூலையும் சுவடியையும் எங்ஙனம் சுமப்பர்? வீட்டுப் பெட்டிகளில் இருந்த ஏடு, கூத்துக் கொப்பி, கோயிற் பதிகம் ஆகியவற்றுள் மீண்டவை சிலவே.

வன்னிக்குரிய பாடம்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகும். அரசின் இசைவின்றி அச்சுத் தொடங்காத காலமும் உண்டு. அதனைக் கடந்தபின் பதிப்பின் உரிமையைக் காத்தது பணப்பையின் பருமனன்று, பணப்பைகளின் தொகையே. இஃது ஒன்று. எழுதுவோர், அச்சிடுவோர், கற்பிப்போர், வாங்குவோர் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் அறிந்து பழகிய இடத்திலேயே இலக்கியக் குழாம் உண்டாயிற்று. இது மற்றொன்று. ஓரிடத்திற் குவித்த நூல் ஒருநாளில் அழியும். பலவிடத்திற் பரந்த நூல் நிலைக்கும். இது மூன்றாவது.

இவ்வுண்மைகளை வன்னியார் முற்றும் அறியாதிருந்தாரல்லர். முல்லைமணி பண்டாரவன்னியன் வரலாற்றை நாடகமாக்கினார். கற்சிலைமடுவில் நின்ற ஆங்கிலக் கல், 1803ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் கப்டன் டிறிபேர்க் வன்னியனை வென்றான் என்று வென்றோர் வாய்மொழியையே கூறிற்று. தோற்றவன் பக்கத்து வரலாறு தமிழில் எழுந்தது அவன் நாட்டாசிரியர் ஒருவராலேயே. வவுனியாவில் அகளங்கன் பல நூல்களை எழுதியதோடு, கலை இலக்கிய நண்பர்கள் வட்டம் போன்ற அமைப்புக்களிலும் ஈடுபட்டார். வித்து இருக்கின்றது, விளைநிலத்தை விரித்தலே வேண்டுவது.

இன்று ஈய எழுத்தும் எழுத்தறையும் மறைந்தன. கணினியில் ஒருவரே ஒரு நூலைக் கோத்துவிடலாம். ஐம்பது படி மட்டும் அச்சிடுதலும் இயலும். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து எல்லோரும் காணுமாறு வைத்துள்ளது. அதுவும் பலர் உவந்தளித்த உழைப்பினாலும் பொருளினாலும் வளர்ந்ததே. ஆகவே, யந்திரம் இல்லை என்னும் குறை இக்காலத்திற்கு உரியதன்று.

எஞ்சிய குறை வாசகர் குழாம் பற்றியது. கல்லூரியில் நூறு மாணாக்கர் தம் பாட்டனாரிடம் சென்று, அருவி வெட்டுச் சிந்தையோ கூத்துப் பாடலையோ கேட்டு எழுதுவாராயின், ஓராண்டில் ஒரு தொகுதி உருவாகும். அதன் ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு குடும்பம் விலைகொடுத்து வாங்குமாயின், அடுத்த தொகுதிக்கு முதல் கிடைக்கும். படிகளிற் சில முல்லைத்தீவிலும், சில வவுனியாவிலும், சில யாழ்ப்பாணத்திலும், சில கடல்கடந்த உறவினர் வீட்டிலும் தங்குமாயின், எத்தீயும் எப்பெயர்வும் அதனை முற்றும் அழித்தல் ஒல்லாது. பாட்டறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஏடு ஒடிந்தபின் தேடிய தாமோதரம்பிள்ளையின் துயர் வன்னியின் பாட்டுக்கும் நேராதவாறு காத்தல் இத்தலைமுறை ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் உரிய கடனாகும்.